அப்பத்தாவின் கை மிஷின்: எந்த வருடம்? ஏன் சுற்ற மாட்டேன் என்கிறது?

தேவகோட்டைக்காரி:
வணக்கம். வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பத்தாவின் தையல் மிஷின் கிடைத்தது. கையால் சுற்றுவது. கறுப்பு உடம்பு, தங்க நிறப் பூவேலை பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. 'சிங்கர்' என்ற பெயர் அரைகுறையாகத் தெரிகிறது. பித்தளைப் பட்டை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் மிச்சம். அடித்தட்டின் வலது ஓரத்தில் ஏழு இலக்க எண் இருக்கிறது, 51 லட்சத்தில் ஆரம்பிக்கிறது. எழுத்து எதுவும் இல்லை.

பாட்டையா ரங்கூனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1908ல் அங்கே வாங்கினார் என்று அப்பா சொல்கிறார். சித்தப்பாவைக் கேட்டால் விக்டோரியா ராணி காலம் என்கிறார். யார் சொல்வது சரி?

அப்புறம் பழுது. சக்கரம் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டேன். அன்றைக்கு நன்றாகச் சுற்றியது, ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமாகிவிட்டது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு பாபினே கிடைக்காதும்மா, எடைக்குப் போட்டுடுங்க" என்றார். மனது வரவில்லை.

பித்தளைப் பிரியன்:
சகோதரி, எடைக்குப் போட்டுவிடாதீர்கள்! எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து இல்லை என்றால் அது 1900க்கு முந்திய சிங்கர். எழுத்து போடும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. 51 லட்சம் என்றால் 1880களின் தொடக்கம். உங்கள் சித்தப்பா ஜெயித்துவிட்டார். விற்பதாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

ஷட்டில் அண்ணன்:
அவசரப்படாதீங்க. மதுரையில் முப்பத்தைந்து வருடம் மிஷின் பார்த்தவன் நான். எண் ஒரு சாட்சிதான், உடம்பு என்ன சொல்கிறது என்று முதலில் கேட்போம். தங்கச்சி, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அடியில் பாபின் வட்டமா, நீளமா? பாபினில் நூல் சுற்றும் அமைப்பு சக்கரத்துக்குப் பக்கத்தில் கீழே தட்டை ஒட்டி இருக்கிறதா, மேலே உயரத்தில் இருக்கிறதா? தட்டின் நீளம் எத்தனை அங்குலம்?

தேவகோட்டைக்காரி:
அண்ணா, பாபின் என்று எதுவும் இல்லை. துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு பக்கம் கூராக ஓர் உலோகக் கூடு மட்டும் இருக்கிறது. சக்கரத்தைக் கஷ்டப்பட்டு நகர்த்தினால் அது முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. நூல் சுற்றும் அமைப்பு கீழேதான். தட்டு பன்னிரண்டரை அங்குலம் வருகிறது.

ஷட்டில் அண்ணன்:
போதும், பிடித்துவிட்டோம். அந்தத் தோட்டாதான் ஷட்டில். அதற்குள் பென்சில் துண்டு மாதிரி நீள பாபின் போகும். நம் ஊர் டெய்லர் கடைகளில் இருக்கும் கறுப்பு மிஷினெல்லாம் சிங்கரின் 15 என்ற மாடலைப் பார்த்து வந்த வகை. அதில் வட்ட பாபின், கேஸோடு இடது ஓரத்தில் செருகுவோம். உங்கள் மெக்கானிக் அதை மட்டுமே பார்த்துப் பழகியவராக இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஊசலாடும் ஷட்டில் வகையில் பெரியது 27, தட்டு பதினாலரை அங்குலம். சின்னது 28. நூல் சுற்றி மேலே இருந்தால், ஷட்டிலை எகிற வைக்கும் பொத்தானும் இருந்தால் அது பிந்திய 127 அல்லது 128. உங்களுடையது 28.

இப்போது பித்தளைப் பிரியன் சார் சொன்னதற்கு வருகிறேன். விதி சரி, கணக்கு உதைக்கிறது. வெறும் 51 லட்சம் என்றால் 1880களின் தொடக்கம். ஆனால் சிங்கர் இந்த ஊசலாடும் ஷட்டிலைக் கொண்டுவந்ததே 1880களின் நடுவில். மிஷின் பிறக்கும் முன்பே எண் பிறக்குமா? அங்கே ஓர் எழுத்து இருந்தே தீர வேண்டும், அழுக்குக்கு அடியில் ஒளிந்திருக்கும். பஞ்சில் மிஷின் எண்ணெய் தொட்டு, எண்ணுக்கு இடது பக்கம் பொறுமையாகத் துடையுங்கள். ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் எதுவும் கூடாது. பூவேலைக்கு மேல் பூசியிருப்பது அரக்கு வார்னிஷ். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், தங்கமும் கூடவே போய்விடும்.

தேவகோட்டைக்காரி:
அண்ணா! இருக்கிறது! காய்ந்த எண்ணெய் பிசின் மாதிரி அப்பியிருந்தது. மூன்று தடவை துடைத்த பிறகு கவட்டைக் கம்பு மாதிரி ஓர் எழுத்து வந்தது. ஆங்கில ஒய்.

கிளாஸ்கோ தமிழன்:
சும்மா படித்துக்கொண்டிருந்தவன், ஒய் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது எனக்குப் பக்கத்து ஊர். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு மேற்கே கிளைட்பேங்க் என்ற ஊரில் சிங்கரின் கில்போவி தொழிற்சாலை இருந்தது. 1885ல் திறந்தார்கள். 1913ல் மட்டும் 13 லட்சத்துக்கு மேல் மிஷின் செய்திருக்கிறார்கள். நான்கு முகம் கொண்ட பிரம்மாண்டமான கடிகாரக் கோபுரம் ஒன்று இருந்ததாம், 1963ல் இடித்துவிட்டார்கள். தொழிற்சாலையையும் 1980ல் மூடியாயிற்று. ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் இன்றைக்கும் 'சிங்கர்'. அந்தப் பலகையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் போடுகிறேன்.

ஒய் வரிசை 1921ல் தொடங்கி 1930களின் நடுப்பகுதி வரை ஓடியது. அதற்கு முன் அங்கே எஃப். 1935க்குப் பிறகு இரண்டு எழுத்து வரும். ஒய்யோடு 51 லட்சம் என்றால் 1920களின் பிற்பாதி. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொழிற்சாலைக்கு எண்களைக் கட்டுக்கட்டாக முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள். பட்டியலில் இருக்கும் தேதி ஒதுக்கிய தேதி. மிஷின் முடிந்து வெளியே வந்தது சில மாதம் கழித்துக்கூட இருக்கலாம்.

தேவகோட்டைக்காரி:
அப்படியென்றால் 1908 இல்லை. அப்பாவிடம் சொன்னேன், ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு அவரே வந்து, பாட்டையா ரங்கூனுக்குக் கப்பலேறிய வருடம்தான் 1908, மிஷின் வாங்கியது அப்புறமாக இருக்கலாம் என்றார்.

பித்தளைப் பிரியன்:
எழுத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன், தவறுதான். வாங்கும் ஆசை இன்னும் இருக்கிறது, ஆனால் 1880 விலைக்கு இல்லை!

தேவகோட்டைக்காரி:
இன்னொன்று. நேற்று யாரோ ஒருவர் போனில் கூப்பிட்டார். ஊசிக்குப் பக்கத்தில் செல்போனை வைத்துப் பாருங்கள், லைன் கட் ஆனால் உள்ளே 'சிவப்பு மெர்குரி' இருக்கிறது, லட்சக்கணக்கில் தருகிறேன் என்கிறார். என் எண் எப்படிக் கிடைத்ததோ தெரியவில்லை.

கிளாஸ்கோ தமிழன்:
இதே கதை 2009ல் சவூதி அரேபியாவில் தீயாகப் பரவியது. இதே செல்போன் சோதனைதான். பழைய சிங்கர்களை நம்பவே முடியாத விலைக்கு வாங்கினார்கள், கடைசியில் புரளி என்று போலீசே அறிவித்தது. உங்கள் மிஷினுக்குள் இருப்பது இரும்பும் எஃகும், அப்புறம் நீங்கள் விட்ட தேங்காயெண்ணெயும்தான்.

ஷட்டில் அண்ணன்:
அந்த ஆளிடம் முன்பணம், பின்பணம் என்று எதுவும் பேசாதீங்க, எண்ணைத் தடை செய்துவிடுங்கள்.

சரி, தேங்காயெண்ணெய்க்கு வருவோம். நான் பார்த்த இறுகிப்போன மிஷின்களில் பாதி இந்தக் கேஸ்தான். சமையல் எண்ணெய் எதுவாக இருந்தாலும் காய்ந்தால் பிசின். மண்ணெண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். எண்ணெய் விடும் ஓட்டைகளிலும் அடிப்பக்கம் உரசும் இடங்களிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம். பூவேலை மேல் வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள். மறுநாள் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கறுப்பாக வழியும், வழியட்டும். தளர்ந்ததும் மிஷின் எண்ணெய் கட்டாயம் விட வேண்டும், மண்ணெண்ணெய் காய்ந்தால் இரும்போடு இரும்பு உரசும்.

பாபின் பிரச்சினையே இல்லை. நீள பாபினும் ஷட்டிலும் புதிதாகச் செய்து இணையத்தில் விற்கிறார்கள். அதற்கு முன் மரப்பீடத்தில் ஒரு சின்ன மூடி போட்ட அறை இருக்கும், திறந்து பார்த்தீர்களா?

தேவகோட்டைக்காரி:
அது அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன் அண்ணா. திறந்தால் நான்கு நீள பாபின்! ஒரு துருப்பிடித்த ஊசி, ஒரு ஓரம் மடிக்கும் பாதம், ஒரு புளியங்கொட்டை. ஒரு பாபினில் அரக்கு நிற நூல் பாதி சுற்றியபடி இருக்கிறது.

மண்ணெண்ணெய் வைத்தியம் பலித்தது. ஆனால் சுத்தம் செய்கிறேன் என்று சக்கரத்தின் நடுத் திருகையும் கழற்றி மாட்டினேன். இப்போது சக்கரம் பம்பரமாகச் சுற்றுகிறது, ஊசி அசையவே இல்லை. உடைத்துவிட்டேனா?

ஷட்டில் அண்ணன்:
உடையவில்லை. திருகுக்கு உள்ளே வெளிக்காது மூன்று உள்ள வாஷர் ஒன்று இருக்கும். அதன் உள்வட்டத்தில் இரண்டு சின்ன நாக்கு. அந்த நாக்குகள் வெளிப்பக்கம், உங்களைப் பார்த்து வளைந்திருக்க வேண்டும். அப்படி வைத்து இறுக்குங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் வாஷரை எடுத்து அரைவட்டம் திருப்பி மறுபடி போடுங்கள். ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது, அவ்வளவுதான். கடைசியில் நடுத் திருகில் இருக்கும் அந்தப் பொடி ஸ்குரூவை மறக்க வேண்டாம்.

தேவகோட்டைக்காரி:
அரைவட்டம் திருப்பினேன், பிடித்துக்கொண்டது! புது ஊசி போட்டுத் தைத்தேன். மேலே தையல் பார்க்க நன்றாக இருக்கிறது, துணியைத் திருப்பினால் அடியில் நூல் சுருள் சுருளாகக் கிடக்கிறது. ஷட்டில் ஸ்குரூவை இறுக்கிப் பார்த்தேன், மாற்றமே இல்லை. நடுநடுவே தையலும் விட்டுப்போகிறது.

நூல்கண்டு:
அக்கா, நான் காரைக்குடியில் பிளவுஸ் தைக்கிறேன். அடியில் சுருள் விழுந்தால் தப்பு மேல் நூலில். எல்லோரும் கீழே போய்த்தான் நோண்டுவார்கள், நானும் ஒரு வருடம் அப்படித்தான் நோண்டினேன். மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டு இரண்டுக்கும் நடுவில் நூல் உட்காராமல் வெளியே கிடக்கும், இல்லையென்றால் பழைய நூல் துணுக்கு சிக்கியிருக்கும். மெல்லிய துணி நாடாவை நடுவில் விட்டு இழுங்கள். பிறகு நூல் கோத்து ஊசிக்கு அருகில் இழுத்துப் பார்த்தால் கைக்கு ஒரு பிடிப்பு தெரிய வேண்டும்.

தையல் விடுவது ஊசியால். கடையில் பவர் மிஷினின் உருண்டைத் தலை ஊசியைத் தந்திருப்பார்கள். வீட்டு மிஷினுக்கு ஒரு பக்கம் தட்டையாக இருப்பது வேண்டும், 14 அல்லது 16 நம்பர் கேளுங்கள். ஊசியில் நீளப் பள்ளம் ஒன்று ஓடும். கடைசியாக நூல் மாட்டும் கொக்கி எந்தப் பக்கமோ பள்ளம் அந்தப் பக்கம், தட்டை அதற்கு எதிர்ப் பக்கம். பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்தே நூலைக் கோத்துவிடுங்கள்.

தேவகோட்டைக்காரி:
உருண்டைத் தலைதான் தந்திருந்தார்கள்! டென்ஷன் தட்டுக்கு நடுவிலிருந்து ஒரு அங்குல நீளத்துக்குப் பச்சை நூல் வந்தது. ஊசியை மாற்றி, இறுக்கிய ஷட்டில் ஸ்குரூவையும் பழையபடி தளர்த்திய பிறகு அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையில் ஒரு முழம் தைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கோடு போட்டது போல நேராக வந்தது. அப்பா பக்கத்தில் நின்று சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த அரக்கு நூலையே போட்டுத் தைக்கலாமா என்று ஆசை.

நூல்கண்டு:
வேண்டாம் அக்கா, பழைய நூல் இழுத்தாலே அறுந்துவிடும். அப்படியே வையுங்கள்.

தேவகோட்டைக்காரி:
சரி தங்கச்சி. கடைசியாக ஒன்று. வளைந்த மர மூடிக்குப் பூட்டு இருக்கிறது, சாவி இல்லை. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் மூடி மட்டும் கழன்று வருகிறது. பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டுமா?

ஷட்டில் அண்ணன்:
வேண்டாம். சின்ன தட்டை ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டுத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் பூட்டும். பூட்டினாலும் மூடியின் கைப்பிடியை மட்டும் நம்பித் தூக்காதீங்க, அடியில் ஒரு கை கொடுங்கள். உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு, காலில் விழுந்தால் மிஷினுக்கு ஒன்றும் ஆகாது.