செம்பருத்தியில் தேன்சிட்டுக் கூடு: புதுப்பிப்பு

எங்கள் பெரம்பூர் வீட்டுச் செம்பருத்திக் கிளையில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கட்டிய கூட்டைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது, கோடை மழையை அது தாங்குமா, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். எதையும் கட்டவில்லை, கூடு நனைந்தும் சிதையவில்லை. நாரையும் மரப்பட்டைத் துணுக்குகளையும் சிலந்தி நூலால் பிணைத்துப் பெண் பறவை அமைத்த அந்தப் பைக்கு வாசல் பக்கவாட்டில் இருப்பதும், வாசலின்மேல் சிறு தாழ்வாரம் நீண்டிருப்பதுமே காரணம் என்று கருதுகிறேன். தாளைக் கட்டியிருந்தால் காகத்துக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்திருப்போம்.

இரண்டு முட்டைகளும் பொரிந்துவிட்டன (இந்த இனத்தின் அடைகாப்புக் காலம் பொதுவாக 14 முதல் 16 நாள்கள்). இப்போது ஆணும் இரை கொண்டுவருகிறது. பெரியவை தேன் குடித்தாலும், வளரும் குஞ்சுகளுக்குப் புரதம் வேண்டும் என்பதால் சிலந்திகளையும் சிறு பூச்சிகளையுமே ஊட்டுகின்றன. ஆகவே செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டும் மருந்து தெளிக்காமல் விட்டிருக்கிறோம், கொசுப்புகை அடிக்க வந்தவர்களிடமும் தோட்டப் பக்கத்தைத் தவிர்க்கச் சொன்னோம். மழை விட்டதும் மதில்மேல் செம்போத்து ஒன்று நடமாடுவதுதான் பெருங்கவலை, ஏனெனில் அது பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னக்கூடியது. குஞ்சுகள் பறந்து செல்லும் வரை கூட்டின் அருகே நின்று படமெடுக்க வேண்டாம் என்று மாடி வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.