‘வரன்முறை’ என்று எழுதலாமா? அருங்காட்சியக அட்டையில் ஒரு கட்டம்

அன்புடையீர்,
பல்கலைக்கழகத் தொல்லியல் அருங்காட்சியகம் ஒன்றின் பொருள் அட்டைகளைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். என்முன் உள்ள பானையோட்டின் உட்புறத்தில் ஊர்ச்சுருக்கம், குழி எண், மண்ணடுக்கு எண் ஆகியவை கறுப்பு மையில் பொடியெழுத்தாக உள்ளன. அவை ‘கண்டெடுத்த இடம்’ என்ற கட்டத்தில் அடங்கிவிடும். மண்ணைவிட்டு வந்தபின் அது யார் யாரிடம் இருந்தது என்பதைக் கூறும் ‘புராவனன்ஸ்’ கட்டத்துக்குத்தான் சொல் வேண்டும்.

ஐயா,
‘வரன்முறை’ இருக்க வேறு சொல் எதற்கு? ‘வரல்’ என்னும் தொழிற்பெயரோடு ‘முறை’ புணர்கையில், மெல்லினத்தின் முன் லகரம் னகரமாயிற்று. வந்த முறை என்பதே பொருள். மணமகனைக் குறிக்கும் வரனை இழுத்துவந்து இதனை வடசொல் என்போர், தொல்காப்பியத்தின் முதல் இயலுக்கு ‘நூன்மரபு’ (நூல் + மரபு) என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

அன்புள்ள ஐயா,
புணர்ச்சியில் பிழையில்லை, வழக்கில்தான் சிக்கல். அனுமதியற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் அரசாணைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு, களவுபோன படிமமும் கட்டணம் செலுத்தி நேராக்கப்பட்டது என்றே அந்தக் கட்டம் பொருள்படும். ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் வாங்கிய திருமங்கையாழ்வார் படிமத்தை நினைத்துப் பாருங்கள். சோதபி ஏலம், அதற்கு முன் ஒரு தனியார் சேகரிப்பு என்பதோடு அதன் வரிசை நின்றிருந்தது; கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் 1957-இல் எடுக்கப்பட்ட ஒளிப்படம் வெளிப்பட்ட பிறகே முதற்கண்ணி விடுபட்டிருப்பது புலனாகி, 2024-இல் அதனைத் திருப்பித்தரப் பல்கலைக்கழகம் இசைந்தது. ஆகவே, விடுபட்டதையும் எழுத இடந்தரும் சொல் வேண்டும். ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது ‘அவர் பூர்வோத்தரம் என்ன?’ என்று கேட்கிறோமே, அந்தச் சொல் போதாதா?

ஐயா,
தமிழாக்கம் என்று தொடங்கி பூர்வோத்தரத்தில் முடிப்பதற்கு நாம் கூடவேண்டியதில்லை. ‘கைமாற்று வரலாறு’ என்க.

அன்புடையீர்,
கைமாற்று என்றால் திருப்பித்தருவதாகச் சொல்லி வாங்கும் கடன் என்றுதான் மாணவர்கள் கொள்வார்கள். (அருங்காட்சியகங்களைப் பொறுத்தவரை அது நல்ல பொருளே.) இக்குழுவில் நால்வர் ‘உடைமை வரலாறு’ என்பதற்கு உடன்பட்டிருப்பதால், நாளை அதனையே எழுதி அனுப்புகிறேன்.

ஐயா,
அனுப்புங்கள். ஆனால், திருடியவன் கையில் இருந்த காலத்தையும் ‘உடைமை’ என்றே அந்த அட்டை சொல்லப்போகிறது. என் மறுப்பு இருக்கட்டும்; வரன்முறையில் இந்த இழுக்கு இல்லை.