ஒரே வகை நாவல்களிலிருந்து வெளியே வர வழி என்ன?

உப்புவெளி வாசகி:
வணக்கம். பதினைந்து வருடங்களாக நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை சரித்திர நாவல்களே. அந்த உலகத்தை இன்றும் விரும்புகிறேன். ஆனால் சென்ற மாதம் வாங்கிய நாவலில், இளவரசி மாறுவேடத்தில் கோட்டைக்குள் நுழையும் இடத்தை அடைந்தபோது, அடுத்த அத்தியாயத்தில் நடக்கப்போவதைப் பக்கத்தைப் புரட்டாமலே சொல்ல முடிந்தது. அன்றிலிருந்து வேறு வகைகளைத் தேடுகிறேன். திருகோணமலையில் நான் போகும் கடைகளில் பாடநூல்களும் பரீட்சை வழிகாட்டிகளுமே முன்வரிசையில் இருக்கின்றன. இந்தியப் பதிப்புகள் இங்கு வந்து சேரும்போது விலை கூடிவிடுவதால், முன்பின் அறியாத ஓர் எழுத்தாளரின் நூலை வாங்கிப் பார்க்கத் துணிவு வருவதில்லை. நீங்கள் புதிய எழுத்தாளர்களை எவ்வாறு தேடிக்கொள்கிறீர்கள்?

மூதூர் ஆசிரியர்:
சகோதரி, சரித்திர நாவலை நீங்கள் விட்டுவிட வேண்டியதில்லை. தமிழின் முதல் சரித்திர நாவலாகக் கருதப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம்முடைய திருகோணமலையைச் சேர்ந்தவர். நாயக்கர் காலத்துக் கதையான அதை வாசித்தால், நீங்கள் அலுத்துப்போன வகை எங்கிருந்து புறப்பட்டது என்பது தெரியும்.

புதியவர்களைத் தேடுவதற்கு நான் கைக்கொள்ளும் வழி, மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பின்தொடர்வது. இளவயதில் மலையாள எழுத்தாளர் தகழியின் ‘செம்மீன்’ நாவல் தமிழில் கிடைத்தது. கடற்கரையில் பிறந்தவன் என்பதால் அதை இரண்டு இரவுகளில் முடித்துவிட்டு, கீழே வைக்க மனமில்லாமல் முதற்பக்கத்திற்கே திரும்பினேன். அங்கே சிறிய எழுத்தில் ‘தமிழில்: சுந்தர ராமசாமி’ என்றிருந்தது. இவ்வளவு நன்றாக மொழிபெயர்த்தவர் தாமாக என்ன எழுதியிருப்பார் என்று தேடியபோதுதான் 1966இல் வெளிவந்த ‘ஒரு புளியமரத்தின் கதை’யை அடைந்தேன். அது அரசர்களையும் போர்களையும் பற்றிய கதையல்ல; ஒரு சந்தியில் நிற்கும் மரத்தைச் சுற்றி ஓர் ஊரே மாறிப்போகிறது. நல்ல மொழிபெயர்ப்பாளர் தமக்குப் பிடிக்காத நூலில் மாதக்கணக்காக உழைக்க மாட்டார் என்பதால், அவருடைய தெரிவை நான் எந்த விளம்பரத்தையும் விட அதிகமாக நம்புகிறேன்.

கடலையே பின்தொடர்ந்தாலும் நெடுந்தூரம் போகலாம். எங்கள் மூதூரின் வ. அ. இராசரத்தினம் எழுதிய ‘தோணி’ சிறுகதைகளில் தொடங்கி, தூத்துக்குடிக் கரையோரப் பரதவர்களைப் பற்றி ஜோ டி குரூஸ் 2004இல் வெளியிட்ட ‘ஆழி சூழ் உலகு’ வரை வாருங்கள். பேச்சுவழக்கு முதல் ஐம்பது பக்கங்களுக்குத் தடையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணியா வாசகர்:
ஆசிரியர் ஐயா சொன்ன வழி இலக்கிய நாவல்களுக்குப் பொருந்தும். துப்பறியும் கதைக்கும் அறிவியல் புனைவுக்கும் அது அவ்வளவாகப் பயன்படாது என்பது என் அனுபவம். அவற்றில் எழுத்தாளரின் நடை உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதே முதற்கேள்வி. அறிவியல் புனைவுக்குச் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’விலிருந்து தொடங்கலாம்.

பணம் கொடுப்பதற்கு முன் நூலகத்தில் இரவல் எடுங்கள். நான் அலுமாரியின் முன் நின்றபடியே முதல் பத்துப் பக்கங்களையும், பிறகு நடுவிலிருந்து ஒரு பக்கத்தையும் வாசிப்பேன். தொடக்கத்தை மட்டும் செதுக்கிவிட்டு நடுவில் தளர்ந்துபோகும் நாவல்கள் அந்த ஒரு பக்கத்திலேயே அகப்பட்டுவிடும். பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் திகதித் தாளையும் பாருங்கள். அடுத்தடுத்து முத்திரை விழுந்திருந்தால் பலர் விரும்பியது என்று தெரியும். எனக்கோ, எட்டு வருடங்களில் மூன்றே முத்திரைகள் விழுந்திருந்த ஒரு நாவல்தான் மிகவும் பிடித்த எழுத்தாளரைத் தந்தது.

ஈழத்து நூல்களுக்கு, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையத்தளம் இருக்கிறது. பதிப்பில் இல்லாத பல நூல்களை அங்கே இலவசமாக வாசிக்கலாம். டொமினிக் ஜீவா 1966இல் ஆரம்பித்த ‘மல்லிகை’யின் பழைய இதழ்களில் வரும் நூல் அறிமுகங்களை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு தேடினால், ஒரு வருடத்துக்குப் போதுமான பெயர்கள் கிடைத்துவிடும்.

உப்புவெளி வாசகி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை நூலகத்தில் ‘செம்மீன்’ கிடைத்தது. கிண்ணியா வாசகர் சொன்னபடி நடுவிலிருந்து ஒரு பக்கத்தை வாசிக்கத் தொடங்கி, நூலகர் விளக்கை அணைக்க வரும்வரை பதினோரு பக்கங்கள் போய்விட்டன. ‘தோணி’ இரவலில் இருக்கிறது. திரும்பி வந்ததும் எனக்கு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.