இழை: மூளையின் ஆக்சிஜன் அளவுக்கு ஒரு கலைச்சொல் வேண்டும் (அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

இதய அறுவைக்குப் போகும் சர்க்கரை நோயாளிகளுக்கான விளக்கத் தாள் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். அறுவை நடக்கும்போது நெற்றியின் இரு பக்கமும் உணரி ஒட்டி, அகச்சிவப்புக்கு அண்மையான ஒளியைச் செலுத்தி, மூளைத் திசுவில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனோடு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். செரிபரல் ஆக்ஸிமெட்ரி. அந்த எண்ணுக்கு ஒரு பெயர், கருவிக்கு ஒரு பெயர் வேண்டும். இப்போதைக்கு 'மூளை ஆக்சிஜன் செறிவு' என்று போட்டிருக்கிறேன். ஓடுமா?

– செ.

> 'மூளை ஆக்சிஜன் செறிவு'

ஓடாது. செறிவு என்றால் இவ்வளவு ரத்தத்தில் இவ்வளவு ஆக்சிஜன் என்றாகிவிடும். இங்கே பேச்சு, இருக்கிற ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு ஆக்சிஜனைப் பிடித்திருக்கிறது என்பது. ரத்தசோகைக்காரருக்கு ஹீமோகுளோபினே குறைவாக இருக்கும். ஆனாலும் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை விரலில் மாட்டிப் பார்த்தால் 98 சதவீதம் காட்டும். அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்ததும் அதன் குழாய்களில் முன்பே நிரப்பிய திரவம் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். அதனால் இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. வேதியியல் வகுப்பில் தெவிட்டிய கரைசல் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். 'தெவிட்டுநிலை' என்று வையுங்கள்.

– ப.

தெவிட்டல் என்பது திகட்டல். மூச்சுக்குத் தவிக்கும் மூளையைப் பார்த்து உயிர்வளி திகட்டிவிட்டது என்பீர்களா? அகராதியில் தெவிட்டுதலுக்கு நிறைதல் என்றும் பொருள் உண்டு, அசைபோடுதல் என்றும் உண்டு. இதன் வேரைத் தேடினால் 'தெவுக் கொளற்பொருட்டே' என்ற தொல்காப்பிய உரியியலுக்கே போகலாம் என்பது என் கருத்து. தெவ்வுதல், கொள்ளுதல். குருதி உயிர்வளியைக் கொள்ளுகிறது. ஆகவே 'உயிர்வளித் தெவ்வு'. கருவி 'தெவ்வளவி'. ஆக்சிஜன் என்று எழுதும் கை எப்படித்தான் கூசாமல் இருக்கிறதோ! வள்ளுவர் 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று எப்போதோ சொல்லிவிட்டார்.

– புலவர் அ.

ஐயா, வள்ளுவர் சொன்ன வளி வாதம். பித்தம், கபத்தோடு சேர்ந்தது. அதை மூச்சுக் குழலுக்குள் இழுக்காதீர்கள்.

– ப.

புலவர் ஐயா, தெவ்வளவியைப் படிக்கும் நோயாளிக்கு மயக்க மருந்தே தேவைப்படாது. தெவ்வர் என்றால் பகைவர் என்பது எனக்கே தெரியும்.

விளையாட்டு போகட்டும். செ. அம்மா, எந்தச் சொல் என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விரலில் மாட்டும் கருவி நாடித் துடிப்பை வைத்துத்தான் தமனி ரத்தத்தைப் பிரித்தறிகிறது. இயந்திரம் ரத்தத்தை ஓட்டும்போது பெரும்பாலும் துடிப்பு இருக்காது, அது கைவிட்டுவிடும். நெற்றிக் கருவிக்குத் துடிப்பு வேண்டாம். ஆனால் அது தமனி, தந்துகி, சிரை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறது, அதில் பெரும்பங்கு சிரை ரத்தம். ஆகவே நல்ல நிலையில் உள்ளவருக்கே சுமார் 60 முதல் 75 வரைதான் காட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், விரலில் 98 பார்த்துப் பழகிய குடும்பத்தார் 65 என்று கேட்டதும் பதறிப்போவார்கள்.

இந்த எண் சொல்வது, வந்ததில் மூளை எடுத்துக்கொண்டது போக மிச்சம் என்ன என்பதை. வரவு செலவுக் கணக்கில் வருவது போன்ற இருப்பு. 'மூளை ஆக்சிஜன் இருப்பு' என்று எழுதுங்கள். சர்க்கரை நோயாளிக்கு இது ஏன் முக்கியம் என்பதும் அதில் பிடிபடும். ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும் மூளையின் குழாய்கள் தாமே சுருங்கி விரிந்து ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும். பல ஆண்டுச் சர்க்கரை பலருக்கு அந்தத் திறனை மழுக்கிவிடுகிறது. அப்புறம் இயந்திரத்தில் இருக்கும்போது அழுத்தம் இறங்கினால் இருப்பும் கூடவே இறங்கலாம். அதனால்தான் மயக்கம் கொடுப்பதற்கு முன்பே அவரவர் தொடக்க அளவைக் குறித்துக்கொள்கிறோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, 50-க்குக் கீழே போனாலோ உடனே காரணம் தேடுவோம்: தலை ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறதா, இயந்திரத்தோடு இணைக்கும் குழல் நகர்ந்துவிட்டதா, அழுத்தம் எப்படி, கார்பன் டை ஆக்சைடு எப்படி, ஹீமோகுளோபின் எவ்வளவு.

– டாக்டர் வி.

இருப்பு என்றால் சேமிப்பு என்று விளங்கிக்கொள்வார்கள், டாக்டர். மூளைக்கு ஒட்சிசன் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. ரத்த ஓட்டம் நின்றால் சில விநாடிகளில் நினைவு போய்விடும். இலங்கைப் பாடநூல்களில் நிரம்பிய கரைசல் என்றுதான் படித்தோம். 'மூளை ஒட்சிசன் நிரம்பல்' என்றால் என்ன குறை?

– யோ.

நாங்கள் வார்டில் 'மூளைக்கு ஆக்சிஜன் ஒழுங்கா கிடைக்குதான்னு நெத்தியில ஒட்டிப் பார்ப்போம்' என்றுதான் சொல்கிறோம். இதுவரை யாரும் அதற்குப் பெயர் கேட்டதில்லை. தெவ்வு கேட்பார்கள் என்று தோன்றவில்லை.

– க., செவிலியர்

நன்றி. இனித் தாங்காது, நாளை அனுப்ப வேண்டும். நிறைவுற்ற கொழுப்பு என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அளவுக்கு 'மூளை ஆக்சிஜன் நிறைவு', கருவிக்கு 'மூளை ஆக்சிஜன்மானி' என்று போகிறது. முதலில் வரும் இடத்தில் க. அக்காவின் வாக்கியம், அடுத்து 'இது விரலில் பார்க்கும் அளவு அல்ல; இயல்பாகவே அதைவிடக் குறைவாக இருக்கும்' என்று ஒரு வரி. டாக்டர், உங்கள் கவலை அதில் தீரும் என்று நினைக்கிறேன். யோ., நிரம்பல் பிடித்தது. ஆனால் '65 சதவீத நிரம்பல்' என்று வாசித்துப் பார்த்தால் தொட்டியில் தண்ணீர் போல ஒலிக்கிறது.

– செ.

தீராது. அந்த வரியை யார் படிப்பார்கள்? எண்ணைத்தான் பார்ப்பார்கள். சரி, அனுப்புங்கள். என் மாணவர்களுக்கு நான் இருப்பு என்றே சொல்லப்போகிறேன்.

– டாக்டர் வி.

அளவி இருக்க மானி ஏன்? மானம் வடசொல் என்று எத்தனை முறை எழுதுவது! என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தவிர, குழாய்கள் தாமே சுருங்கி விரிவதற்கு இன்னும் யாரும் சொல் தரவில்லை. ஒழுகுதல் ஓடுதலும் ஆகும், நெறிப்பட நடத்தலும் ஆகும். ஆகவே 'தன்னொழுக்கு'. தனி இழை தொடங்குகிறேன், எல்லோரும் அங்கே வரவும்.

– புலவர் அ.