கிளேஸ் பேப்பர்ல மீனாட்சி கிளி: பசை போட்டா சுருங்குது

கேள்வி:
சித்திரைத் திருவிழாவுக்கு வாசல்ல தோரணமாக் கட்ட, மீனாட்சி கையில இருக்கிற கிளி மாதிரி 12 கிளி வேணும். செய்யப்போறது 4, 5 வயசுப் பிள்ளைங்க. கிளேஸ் பேப்பர்ல பசை தடவினா சுருங்குது, வட்டம் வெட்டினா ஓரம் பிசிறடிக்குது. என்ன பண்ணலாம்?

பதில் 1:
சுருங்குறது பசையில இருக்கிற தண்ணியால. தாள் நனைஞ்சா அதோட நார் உப்பும். ஒரு பக்கம் மட்டும் நனையறதால சுருளுது. பசைய வீட்டுலயே காய்ச்சிக்கலாம்: ஒரு ஸ்பூன் மைதாவுக்கு நாலு ஸ்பூன் தண்ணி விட்டு, கட்டியில்லாமக் கரைச்சு, சின்னத் தீயில கிண்டுங்க. வெள்ளை மாறி கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி ஆறவிடுங்க. முழுசாத் தடவாதீங்க, ஐஸ் குச்சியால மூணு பொட்டு போதும். பசை கெடாம இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவாங்க. பிள்ளைங்க பசையில தயவுசெஞ்சு வேண்டாம், அது விஷம். அன்னன்னைக்குக் காய்ச்சிக்கோங்க.

பதில் 2:
உடம்புக்குப் பச்சை சார்ட் எடுங்க, கிளேஸ் றெக்கைக்கு மட்டும். 12 செ.மீ. வட்டத்த ரெண்டா மடிச்சா மடிப்பு முதுகு, வளைவு வயிறு. ஒரு முனையில சிவப்பு முக்கோணம் மூக்கு. மறுமுனையில 1 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளத்துல மூணு பட்டை வால்.

பிசிறுக்குக் காரணம், கத்திரிய முனை வரைக்கும் மூடுறது. முக்கால் மூடினதும் திறந்து முன்னால தள்ளணும். கத்திரி நேரா நிக்கணும், தாளத்தான் திருப்பணும். 4 வயசுக்கு வட்டம் கஷ்டம். வால் பட்டையக் கொடுங்க.

பதில் 3:
நூல முதுகு நடுவுல கோத்தா வால் கனத்துல கிளி அண்ணாந்துக்கும். வால் பக்கம் 1 செ.மீ. தள்ளி ஓட்டை போடுங்க.