தீபாவளிக்கும் இரண்டே பேர்தானா? ஊசி போட்ட பிறகும் ஏன் இந்த நீட்டிப்பு?

தேக்கா_இலைச்சாப்பாடு
21 அக்டோபர் 2021, இரவு 11.20

சிங்கப்பூரில் கொவிட்-19 கட்டுப்பாடுகளை முடிவு செய்யும் அமைச்சுகள்நிலைப் பணிக்குழுவின் நேற்றைய செய்தியாளர் கூட்டத்தைக் கடையில் நின்றபடியே பார்த்தேன். இந்த 24ஆம் தேதியோடு முடிய வேண்டிய கட்டுப்பாடுகள் நவம்பர் 21 வரை நீள்கின்றன. வெளியே சேர்ந்து சாப்பிட இரண்டு பேர். ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் இரண்டு விருந்தினர். நவம்பர் 4ஆம் தேதி தீபாவளி சரியாக இந்த நான்கு வாரத்துக்குள் விழுகிறது.

என் கடையின் மேசைக் கணக்கை எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மேசைக்கு எட்டுப் பேர். மே 8இல் ஐந்து. மே 16இல் யாரும் உட்காரக் கூடாது. ஜூன் 21இல் இரண்டு. ஜூலை 12இல் ஐந்து. பத்தே நாளில், ஜூலை 22இல், மறுபடியும் யாரும் கூடாது. ஆகஸ்ட் 10இல் ஐந்து. செப்டம்பர் 27இல் இரண்டு.

ஒவ்வொரு முறையும் நாற்காலிகளைப் பின்கட்டுக்குத் தூக்குகிறோம், திரும்பக் கொண்டுவருகிறோம். மேசையில் ஒட்டிய சிவப்பு நாடாவைச் சுரண்டி எடுத்து வேறிடத்தில் ஒட்டுகிறோம். அந்தப் பசை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போவதில்லை. இலை போட்டுச் சாப்பிட உட்காருகிறவரின் முழங்கையில் ஒட்டுகிறது. போன வாரம் ஒரு பெரியவர் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். எனக்குக் கூனிக்குறுகிப் போயிற்று.

ஜூன் 24இல் மூன்று அமைச்சர்கள் சேர்ந்து நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கொவிட்-19 ஒழியாமல் போகலாம், ஆனால் அதனுடன் இயல்பாக வாழ முடியும், அதற்குத் தடுப்பூசியே வழி என்பது அதன் சாரம். அதை வெட்டிக் கல்லாவின் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஆகஸ்ட் 9 தேசிய தினத்தையொட்டி மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரண்டு ஊசி என்பது இலக்கு. ஆகஸ்ட் இறுதியில் 80 விழுக்காட்டை எட்டிவிட்டோம். இப்போது 84. மக்கள் சொன்னதைச் செய்துவிட்டார்கள். கைமாறாகக் கிடைத்தது என்ன? சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஊசியே இல்லை, அப்போது ஐந்து பேர் வீட்டுக்கு வரலாம். இந்த ஆண்டு எல்லாரும் ஊசி போட்டிருக்கிறோம், இரண்டு பேர்தான் வரலாம். இதை என் அக்கா பிள்ளைகளுக்கு நான் எப்படி விளக்குவது?

இரவுப்பணித்_தாதி
22 அக்டோபர் 2021, காலை 9.05

இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். தூங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கணக்கு பாதியில் நிற்கிறது. தொற்றியவர்களில் 98 விழுக்காட்டுக்கும் அதிகமானோருக்கு லேசான அறிகுறி அல்லது அறிகுறியே இல்லை என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். மீதி இரண்டைச் சொல்வதில்லை. ஒரு நாளில் 3,500 பேருக்குத் தொற்று என்றால் நூற்றுக்கு இரண்டு என்பது 70 பேர். நாளைக்கு இன்னொரு 70. அவர்கள் மறுநாளே வீட்டுக்குப் போவதில்லை, ஒருவர் படுத்தால் படுக்கை பல நாளுக்குப் போயிற்று. தனிமைப்படுத்தும் படுக்கைகளில் பத்தில் ஒன்பது நிரம்பிவிட்டதாக அதே கூட்டத்தில்தான் சொன்னார்கள். தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் மூன்றில் இரண்டுக்கு மேல். கூடுதலாகக் கட்டில் வாங்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கத் தாதியை எங்கே வாங்குவது?

செப்டம்பர் 24 முதல் மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பார்க்க உறவினர் வர முடிவதில்லை. நேற்றிரவு ஒரு பாட்டிக்குக் கைக்கணினியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆக்சிஜன் குழாயின் சத்தத்தில் மகன் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. என் கையுறையைப் பிடித்துக்கொண்டு என்னையே மகன் பெயர் சொல்லி அழைத்தார். நான் "சொல்லுங்கம்மா" என்றேன். வேறென்ன செய்ய?

உங்கள் மேசையில் ஐந்து பேர் உட்காருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த ஐந்தில் ஒருவர் எங்களிடம் வந்து சேரும்போது படுக்கை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேக்கா_இலைச்சாப்பாடு
22 அக்டோபர் 2021, மாலை 4.30

தங்கச்சி, உங்கள் பணிக்கு முன் என் தொல்லை சிறியது என்பது எனக்குத் தெரியும். ஆனால் படுக்கை நிரம்பும் என்பது ஜூன் மாதம் தெரியாதா? அப்போதே வேகமாகப் பரவும் டெல்டா வகைக் கிருமி இங்கே வந்துவிட்டது. டான் டோக் செங் மருத்துவமனையிலும் சாங்கி விமான நிலையத்திலும் ஏப்ரல், மே மாதங்களிலேயே ஒரே இடத்தில் பலருக்குப் பரவிய தொற்றுக் குழுமங்களைப் பார்த்தோம். பிரதமர் இம்மாதம் 9ஆம் தேதி பேசும்போது புதிய இயல்புநிலைக்கு இன்னும் மூன்று மாதம், ஒருவேளை ஆறு மாதம் என்றார். அந்த ஆறு மாதத்துக்கு வாடகை யார் கொடுப்பது? என்னிடம் ஏழு பேர் வேலை பார்த்தார்கள். இப்போது மூன்று பேர்.

துவாஸ்_விடுதி
22 அக்டோபர் 2021, இரவு 10.15

இருவர் எழுதியதையும் படித்தேன். அண்ணன் எட்டு, ஐந்து, இரண்டு என்று எண்ணிக்கை மாறியதை வருத்தத்துடன் எழுதியிருக்கிறார். எங்களுக்கு எண்ணிக்கை மாறவே இல்லை.

2020 ஏப்ரலில் வெளிநாட்டு ஊழியர்களான நாங்கள் தங்கும் விடுதியைத் தனிமைப்படுத்தும் பகுதி என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து லாரி, வேலையிடம், லாரி, அறை. ஓய்வு நாளில் அனுமதி கிடைத்தால் பொழுதுபோக்கு மையம். பதினெட்டு மாதங்களாகத் தேக்காவில், அதுதான் லிட்டில் இந்தியாவில், கால் வைக்கவில்லை. நீங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து சாப்பிடலாம் என்று சொல்லும் அதே தீவில், நான் பன்னிரண்டு பேருடன் ஒரே அறையில் தூங்குகிறேன். அது கூட்டம் இல்லை என்று எப்படி ஆயிற்று?

நாள்தோறும் வரும் எண்ணிக்கையில் சமூகம் என்று ஒரு வரி, விடுதி என்று இன்னொரு வரி. முதலில் அது எனக்கு உறைக்கவில்லை. பிறகு ஒரு நாள் என் அறைத் தோழர் கேட்டார்: "அப்படியானால் நாம் எதில் சேர்த்தி?" சென்ற ஆண்டு டிசம்பரில் வெளிவந்த கணக்குப்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. எனக்கும் வந்தது. என் அறையில் அனைவரும் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டோம், ஒருவர்கூட மறுக்கவில்லை. ஊசி போட்டால் வெளியே போகலாம் என்றுதான் நாங்களும் நம்பினோம்.

செப்டம்பர் நடுப்பகுதி முதல் முன்னோட்டமாக வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் சில மணி நேரம் போய் வரலாம் என்று விட்டார்கள். விடுதிகளில் ஏறத்தாழ 300,000 பேர் இருக்கிறோம். வகுத்துப் பார்த்தேன். அந்த வேகத்தில் போனால் எல்லாரும் ஒரு முறை போய்வர 600 வாரம், பதினொன்றரை ஆண்டு. என் வேலை அனுமதி அதற்குள் எத்தனை முறை முடியும்!

அண்ணனின் கடையில் நான் சாப்பிட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம், நெரிசலில், பின்வரிசையில்.

உட்லண்ட்ஸ்_வாசி
22 அக்டோபர் 2021, இரவு 11.40

தம்பி சொல்வது வேதனைதான். ஆனால் 2020இல் விடுதிகளை மூடியிருக்காவிட்டால் நகரம் முழுக்கப் பரவியிருக்கும். மற்ற நாடுகளில் பிணங்களை எரிக்க இடமில்லாமல் தவித்ததைப் பார்த்தோம் அல்லவா? கடுமையாக இருந்ததால்தான் தப்பித்தோம்.

துவாஸ்_விடுதி
22 அக்டோபர் 2021, இரவு 11.52

2020 ஏப்ரலைப் பற்றி நான் கேட்கவில்லை ஐயா. 2021 அக்டோபரைப் பற்றிக் கேட்கிறேன்.

பிடோக்_மகள்
23 அக்டோபர் 2021, காலை 10.30

எல்லாரும் ஊசி போட்டாயிற்று என்று பேசுகிறீர்கள். என் அம்மாவுக்கு 74 வயது. இன்னும் போடவில்லை. 13ஆம் தேதி முதல் ஊசி போடாதவர்களுக்கு உணவங்காடியில் உட்கார்ந்து சாப்பிடவும் கடைத்தொகுதிக்குள் நுழையவும் அனுமதி இல்லை. தினமும் காலையில் கீழே போய்த் தோழிகளுடன் தேநீர் குடிப்பார். இப்போது தாழ்வாரத்தில் நின்று கீழே பார்க்கிறார்.

பிடிவாதம் என்று உறவினர்கள் திட்டுகிறார்கள். ஆனால் அவருடைய பயம் வானத்திலிருந்து விழவில்லை. அவருக்கு மருந்து ஒவ்வாமை உண்டு, ஒரு முறை முகம் வீங்கி அவசர சிகிச்சைக்கு ஓடியிருக்கிறோம். கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் இந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னார்கள். பிறகு அவர்களிலும் பலர் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு ஊசிக்கு இடையே முதலில் மூன்று நான்கு வாரம் என்றார்கள், மே மாதம் அதை ஆறு முதல் எட்டு வாரமாக்கினார்கள். 95 விழுக்காடு பாதுகாப்பு என்றார்கள், இப்போது மூன்றாவது ஊசி என்கிறார்கள். "இவர்களுக்கே தெரியவில்லை, என்னை ஏன் அவசரப்படுத்துகிறாய்?" என்று அம்மா கேட்டால் என்னிடம் பதில் இல்லை. யாராவது ஏளனம் செய்யாமல் பதில் சொல்லுங்கள்.

உயிரியல்_ஆசிரியர்
23 அக்டோபர் 2021, மதியம் 1.15

உங்கள் அம்மா கேட்பது நல்ல கேள்வி, அதை மதித்தே பதில் சொல்கிறேன்.

அந்த 95 சென்ற ஆண்டு நவம்பரில் ஃபைசர் நிறுவனத்தின் தடுப்பூசி ஆய்விலிருந்து வந்த எண். அறிகுறியுடன் நோய் வருவதை அது எவ்வளவு தடுத்தது என்பதுதான் அதன் பொருள். அதுவும் டெல்டா பரவுவதற்கு முன், ஊசி போட்டுச் சில மாதங்களுக்குள் எடுத்த கணக்கு. தொற்றே வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நாம்தான் அப்படிப் புரிந்துகொண்டோம், புரிந்துகொள்ளவும் விட்டார்கள். மாதங்கள் போகப் போக இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் குறைகிறது, அதனால் மூக்கிலும் தொண்டையிலும் கிருமி நுழைந்துவிடுகிறது. நுரையீரல் வரை போய் ஆளைச் சாய்ப்பதைத் தடுக்கும் ஆற்றல் அதைவிட நீண்ட நாள் நிற்கிறது. இன்று இறப்பவர்களில் ஊசி போடாத முதியோரின் பங்கு அவர்களுடைய எண்ணிக்கைக்கு எவ்வளவோ மேலே இருப்பது இதனால்தான்.

இடைவெளியை நீட்டியதற்குக் காரணம் வேறு: கையிருப்பு குறைவாக இருந்தபோது கூடுதலான பேருக்கு முதல் ஊசியாவது சீக்கிரம் போட வேண்டியிருந்தது. ஒவ்வாமை பற்றிய அறிவுரை மாறியது, உலகெங்கும் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்ட அனுபவம் சேர்ந்ததால். தெரியாமல் இருந்தது தெரியவந்தது, சொன்னதை மாற்றினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்கு 2003இல் பரவிய சார்ஸ் என்ற மூச்சுத் தொற்று நோய் நினைவில் இருக்கிறது. 33 பேரை இழந்தோம், ஆனால் சில மாதங்களில் அது முடிந்தது. சார்ஸ் நோயாளி காய்ச்சல் வந்து படுத்த பிறகுதான் பெரும்பாலும் பரப்பினார், அதனால் பிடிக்க முடிந்தது. இது அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவுகிறது. சார்ஸ் போல இதற்கும் ஒரு முடிவுத் தேதி இருக்கும் என்று நாம் எல்லாரும், அரசாங்கம் உட்பட, மனத்தில் வைத்துவிட்டோம்.

அம்மாவை ஒவ்வாமை விவரத்துடன் அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் முதலில் கொண்டுபோங்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காரவைத்துக் கவனிப்பார்கள்.

தேக்கா_இலைச்சாப்பாடு
23 அக்டோபர் 2021, இரவு 11.05

ஆசிரியர் சொன்ன கடைசி விஷயம்தான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. முடிவுத் தேதி இல்லை என்றால் ஏன் தேதி சொல்கிறார்கள்? அக்டோபர் 24 என்றார்கள். அதை நம்பி 25ஆம் தேதிக்குக் காய்கறி சொல்லிவிட்டேன். நவம்பர் 21 என்கிறார்கள். அதையும் நான் நம்பித்தானே ஆக வேண்டும்? தேதிக்குப் பதில் அளவைச் சொல்லட்டும். தீவிர சிகிச்சையில் இத்தனை பேருக்குக் கீழே வந்தால் மேசைக்கு ஐந்து பேர், இத்தனையைத் தாண்டினால் இரண்டு என்று சொன்னால், காலையில் எழுந்ததும் அந்த எண்ணைப் பார்த்து அரிசி களைவேன். எனக்கு அது போதும்.

தம்பி, நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்ததாக எழுதியிருந்தீர்கள். ஞாயிறு மதியக் கூட்டத்தில் பாதி நீங்கள்தான். உங்களை உள்ளே வைத்துவிட்டு எங்கள் மேசையில் எட்டா ஐந்தா என்று நான் எழுதியிருக்கிறேன். உங்கள் கேள்விக்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இரவுப்பணித்_தாதி
24 அக்டோபர் 2021, காலை 9.20

அளவைச் சொல்ல வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் இன்று படுக்கையில் இருப்பவர் இரண்டு வாரத்துக்கு முன் தொற்றியவர். அந்த எண் சிவப்பைத் தொட்ட பிறகு மேசையைச் சுருக்கினால் எங்களுக்குக் காலம் கடந்துவிடும். முன்கூட்டியே பூட்ட வேண்டியிருக்கிறது, அது உங்களுக்குக் காரணமில்லாத பூட்டாகத் தெரிகிறது. இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன், அண்ணன்.

அந்தப் பாட்டி நேற்று வேறு வார்டுக்கு மாறினார். ஆக்சிஜன் தேவைப்படவில்லை.

பிடோக்_மகள்
24 அக்டோபர் 2021, இரவு 8.40

ஆசிரியர் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். "புரிந்துகொள்ளவும் விட்டார்கள்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை படிக்கச் சொன்னார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு, அந்த அரை மணி நேரமும் நான் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.