எம்.பி.என். – ‘பொருந்தெண்’ எனலாமா?

நண்பர்களே,

நீரில் பாக்டீரியா எத்தனை இருக்கும் என்று சோதனைக் குழாய்களை வைத்து மதிப்பிடும் எண்தான் எம்.பி.என். (Most Probable Number). அதற்குத் தமிழ்ச் சொல்லாக வந்த பரிந்துரைகளில் ‘மிகுநிகழ்தகவு எண்’ என்பதற்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அது ஒட்டவில்லை. நீளம் ஒருபக்கம் இருக்கட்டும், பொருளே தடம் மாறுகிறது.

காட்பாடிப் பக்கம் பாலாற்றங்கரைக் கிணற்று நீர் ஒன்று சோதனைக்கு வருகிறது என்று வையுங்கள். பாக்டீரியா வளர்க்கும் மெக்கான்கி திரவம் உள்ள ஐந்து குழாய்களில் 10 மி.லி. வீதம், அடுத்த ஐந்தில் 1 மி.லி., கடைசி ஐந்தில் 0.1 மி.லி. விட்டு, 37 டிகிரியில் 48 மணி நேரம்வரை வைக்கிறோம். ஒவ்வொன்றுக்குள்ளும் வாயுவைப் பிடிக்கும் குட்டி டர்ஹாம் குழாய் ஒன்று தலைகீழாக நிற்கும். திரவம் மஞ்சளாகி, குட்டிக் குழாயின் உச்சியில் குமிழி கட்டினால், கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா இருக்கக்கூடும். எங்கள் ஆய்வகத்து ஆட்கள் ‘கேஸ் வந்துடுச்சு’ என்பார்கள்.

முதல் ஐந்திலும் கேஸ், மற்ற பத்தில் ஒன்றுமில்லை என்றால் 5-0-0. இதற்கென்று உள்ள எம்.பி.என். அட்டவணை சொல்வது 100 மி.லி.க்கு 23 பாக்டீரியா. நடு வரிசையில் ஒரே ஒரு குழாய் கூடினால் 33. இங்கே யாரும் எதையும் எண்ணவில்லை. நீரில் எத்தனை பாக்டீரியா இருந்தால் 5-0-0 என்று அமைய வாய்ப்பு மிக அதிகம் என்று கேட்கிறோம், விடை 23. நிகழ்தகவு குழாய்களின் முடிவுக்குத்தான், எண்ணுக்கு அல்ல. 1915-இல் மெக்ரேடி என்ற ஆய்வாளர் போட்டுக் கொடுத்த வழியும் இதுவே. உண்மையில் 10-க்குக் கீழும் இருக்கலாம், 60-ஐத் தாண்டியும் இருக்கலாம்.

அதனால்தான் ‘பொருந்தெண்’ என்கிறேன். வினைத்தொகை, கண்ட முடிவுக்குப் பொருந்தும் எண். பொருத்தம் என்றால் ஜாதகம்தான் ஞாபகம் வருகிறது என்று ஆய்வகத்தில் கிண்டல் செய்தார்கள். வரட்டுமே, அங்கேயும் கட்டத்தை வைத்துக்கொண்டுதானே பார்க்கிறார்கள்.

‘உத்தேச எண்ணிக்கை’ என்ற சொல்லும் வேண்டாம். எண்ணிக்கை என்ற சொல் பெட்ரி தட்டுக்கு இருக்கட்டும். 30 முதல் 300 காலனிவரை (பாக்டீரியா பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள்) அங்கே நிஜமாகவே எண்ணுகிறோம்.

அறிக்கையிலும் இது சிக்கலில்லாமல் உட்காரும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இன்படி 100 மி.லி.யில் கோலிஃபார்ம் தென்படவே கூடாது. ஆனால் 0-0-0 வந்தாலும் அட்டவணை சுழி என்று சொல்லாது, ‘பொருந்தெண் 2-க்கும் குறைவு’ என்றுதான் எழுத வேண்டும்.

அப்புறம், கேஸ் வந்த குழாயை, பாசிட்டிவ் என்ற பொருளில் ‘நேர்க்குழாய்’ என்பதா, ‘குமிழ்க்குழாய்’ என்பதா? எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.